குட்டனைத் தினமும் குளிப்பாட்டியதுதான் நான் செய்த தப்பு

மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் ராத்திரி சரியான தூக்கம் இருக்கவில்லை. பின்பக்கச் சாய்ப்பில் எங்கள் நாய் குட்டன் காதைச் சொறியத் தொடங்கினால் அவன் பின்னங்கால் முட்டி சிமெண்டுத் தரையில் தட் தட் தட்டென்று அடிக்கும், கொஞ்சம் நிற்கும், அடுத்தது வால் முளைக்கும் இடத்தை முன்பல்லால் நறநறவென்று கடிக்கிற சத்தம், அதுவும் நின்றுவிட்டதே என்று கண்ணை மூடினால் மறுபடி தட் தட். ஒருநாள் இரண்டு மணிக்கு எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன். வாலை ஒரே ஒரு தடவை ஆட்டிவிட்டுத் திரும்பக் கடிக்கப் போய்விட்டான்.

குட்டன் பாதி லாப்ரடார், பாதி எங்கள் தெரு. நாலு வயது. லாப்ரடாரிடமிருந்து அடர்ந்த முடியையும் பெருந்தீனியையும் வாங்கிக்கொண்டான், தெருவிடமிருந்து புத்தியை. வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம், சுற்றிலும் தென்னையும் வாழையும். ஏப்ரலில் இங்கே எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதுரை மாதிரி 40 டிகிரியெல்லாம் போகாது, 34, 35தான், ஆனால் புழுக்கம் ஆளைக் கொல்லும். சாயங்காலம் ஒரு கோடை மழை அடித்தால் தரையிலிருந்து ஆவிதான் கிளம்பும். ராத்திரி தோய்த்துப் போட்ட துண்டு காலையிலும் ஈரமாகவே தொங்கும். அந்தத் துண்டைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

உடம்பில் சூடு ஏறிவிட்டது, அதனால்தான் அரிக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தினமும் மத்தியானம் ஹோஸ் பைப்பைத் திறந்து குளிப்பாட்டு. நான் தலைக்குப் போடும் ஷாம்புவையே அவனுக்கும் போட்டேன், வாசனை நன்றாக இருந்தது. துவட்டவில்லை. நாய்தானே, உதறிக்கொள்ளும், வெயிலில் காயும் என்று விட்டுவிட்டேன். அவன் வெயிலுக்கா போவான்? நேராகப் போய் சாய்ப்புக்குள் கிடந்த கதம்பை, அதாவது தேங்காய் உரிமட்டை, குவியலில் சுருண்டுகொள்வான். ஐந்தாவது நாள் காலையில் காதுக்குக் கீழே கழுத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஈரப்புண். சாயங்காலத்துக்குள் அது உள்ளங்கை அகலம். மேலே முடி பசை தடவியது போல ஒட்டிக்கிடக்க, அடியில் சிவந்து நீர் வடிந்து ஒரு கெட்ட நாற்றம்.

அப்புறம் ஊரிலுள்ள வைத்தியர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். "பட்டிக்கு எதுக்குடே டாக்டரு, புன்னக்கா எண்ணெய தேச்சு விடு மக்ளே, ரெண்டு நாள்ல காஞ்சிரும்" என்றார் எங்கள் பாட்டா (பட்டி என்றால் எங்கள் பக்கத்தில் நாய்). எதிர்வீட்டு மாமா, ஒர்க்‌ஷாப்பில் வண்டியிலிருந்து இறக்கும் கறுப்பு ஆயில்தான் சொறிக்கு மருந்து என்று சத்தியம் செய்தார். ஒரு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டதற்குப் படர்தாமரைக்கு மனிதர்கள் போடும் டியூப் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். நண்பன் ஒருவன் முட்டம் கடலில் கொண்டுபோய் ரெண்டு முக்கு முக்கச் சொன்னான். நல்லவேளையாக இதில் எதையும் செய்வதற்குள் பயம் வந்து, ஆட்டோ பிடித்து அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போய்விட்டேன். எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு கோழி.

டாக்டர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வியே, "குளிப்பாட்டினா துவட்டுவீங்களா?" என்பதுதான். நான் முழித்தேன். அவர் குட்டனின் முதுகு முடியை வால் பக்கம் சீப்பால் வாரி, சீப்பிலிருந்து விழுந்த கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைப் பஞ்சில் தட்டினார். பார்ப்பதற்கு மிளகுத்தூள் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது கரைந்து செம்பழுப்பாகப் பரவியது. தெள்ளுப்பூச்சியின் கழிவு அது, உள்ளே இருப்பது நாயின் ரத்தம். நான் இவ்வளவு நாளும் அதை மண் என்று நினைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன்!

சூடு ஏறி அரிக்கிறது என்கிற பேச்சை அவர் ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும், மிச்சச் சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் இறக்கும். ஆகவே நமக்கு வருகிற வேர்க்குரு அதற்குக் கிடையாது. வெயில் காலத்தில் அரிப்பு கூடுவதற்குக் காரணம் வேறு: இந்த வெதுவெதுப்பும் ஈரமும் தெள்ளுக்கும் உண்ணிக்கும் தோலில் வாழும் ஈஸ்ட் என்கிற பூஞ்சைக்கும் கல்யாண வீடு. தெள்ளின் எச்சில் சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது, நாலு கடி போதும், நாள் கணக்கில் அரிக்கும். நாய் கடித்துக் கடித்துத் தோலைக் கீறும், அங்கே நான் தினமும் தண்ணீர் ஊற்றி, அடர்ந்த முடிக்கு அடியில் ஈரத்தை மூட்டைகட்டி வைத்தேன், கிருமி ஏறிக்கொண்டது. இந்த மாதிரிப் புண் சில மணி நேரத்திலேயே விரிந்துவிடுமாம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற முடிக்கார நாய்களுக்குச் சாதாரணம்.

ஷாம்பு விஷயத்திலும் திட்டு வாங்கினேன். நம் தோல் அமிலப் பக்கம், நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலை. தோலின் மேலடுக்கும் நம்மைவிட மெல்லியது. நம் ஷாம்பு அதைக் காயவைத்து வெடிக்க வைக்கும், அரிப்பு கூடும்.

அங்கே செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. புண்ணைச் சுற்றி நல்ல தோல் தெரியும்வரை முடியைக் கத்தரித்தார்கள், குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினியை நீர்த்துத் துடைத்தார்கள், கண்ணிலும் காதுக்குள்ளும் படவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்கள், காயவிட்டார்கள். எடை பார்த்து மாத்திரை எழுதினார்கள். தெள்ளுக்கும் உண்ணிக்கும் மாதம் ஒன்று என்று மெல்லுகிற மாத்திரை. வலிப்பு வரும் நாய் என்றால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கோன். அந்தக் கோனோடு அவன் நான்கு நாள் வாழைத்தாரிலும் கதவிலும் இடித்துக்கொண்டு, டிஷ் ஆன்டெனா மாதிரித் திரிந்ததைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். ஒரு ராத்திரி சொறிந்தால் ஒரு வார வேலை பாழ்.

ஊர் வைத்தியங்களைப் பற்றியும் கேட்டேன். நாய் எதையும் நக்கும், ஆகவே தோலில் தடவுவது எல்லாம் வயிற்றுக்குப் போகும், அதை வைத்து யோசியுங்கள் என்றார். கறுப்பு ஆயில் சுத்த விஷம், பேச்சே வேண்டாம். மனிதர்களுக்கான அந்த டியூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அரிப்பு நின்ற மாதிரி காட்டிவிட்டு உள்ளே பூஞ்சையை வளர்த்துவிடும். எண்ணெய் எதுவானாலும், தேங்காய் எண்ணெயே ஆனாலும், ஈரப்புண்ணில் போட்டால் மூடி போட்டது போல ஈரம் உள்ளேயே நிற்கும், மேலே மண்ணும் முடியும் ஒட்டும். காய்ந்து செதில் விடும் இடத்தில் லேசாகத் தொட்டுவைக்கலாம், அவ்வளவுதான். கற்றாழையை வெட்டினால் வடியும் மஞ்சள் பால் நாய்க்கு வயிற்றுப்போக்கு தரும். கடல் தண்ணீர் கீறிய தோலில் எரியும், உப்பு தோலை உலர்த்தும், மணல் அக்குளில் சிக்கும். சங்குத்துறைக் கடற்கரைக்கோ முட்டத்துக்கோ நாயோடு போகிறவர்கள் போங்கள், வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி விடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையே நாய்க்கும் ஊற்றும் பழக்கம் உண்டு. அளவு தெரியாமல் ஊற்றி, அதை நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்துகள்கூடப் பூனைக்கு ஆகாது, எங்கள் வீட்டில் பூனை குட்டன் மேலேயே படுத்து உறங்கும் ஜாதி. ஐவர்மெக்டின் ஊசி போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு, கோலி (Collie) வகை நாய்களுக்கு அது மூளையைத் தாக்கும், டாக்டர் பார்த்துப் போட்டால்தான் சரி.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உண்மையான வேலை. நாயின் மேல் தெரிகிற தெள்ளு மொத்தத்தில் நூற்றில் ஐந்துதானாம், மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நாய் படுக்கிற இடத்தில் கிடக்கும். கூட்டுக்குள் இருப்பது மருந்துக்கும் சாகாது, மாதக்கணக்கில் காத்திருக்கும். என் கதம்பைக் குவியல்தான் தொழிற்சாலை. அதை அள்ளித் தென்னந்தடத்துக்குக் கொண்டுபோகும்போது என் காலிலேயே கடி வாங்கினேன். சாக்கையும் போர்வையையும் வெந்நீரில் முக்கி வெயிலில் போட்டேன், வாரம் ஒருமுறை இன்றும் செய்கிறேன். சுவர் வெடிப்புகளைப் பூசியாயிற்று, வயிறு புடைத்த உண்ணி நாயை விட்டு இறங்கி அந்த மாதிரிப் பொந்தில்தான் ஆயிரக்கணக்கில் முட்டை இடும்.

குளியல் இப்போது பத்து நாளுக்கு ஒன்று, காலையில், கிணற்றுத் தண்ணீரில். நாய் ஷாம்பு போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடம் ஈரநாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு நீளம் என்று பிடித்தவர்களுக்குத் தெரியும். ஓட்ஸை மாவாக அரைத்துத் தண்ணீரில் கரைத்து மேலே ஊற்றினால் அரிப்பு அடங்குகிறது, இது செலவில்லாத வழி. அப்புறம் துவட்டல்: அக்குள், தொடையிடுக்கு, காது மடலுக்கு அடி, விரலிடுக்கு, எல்லாம். கடைசியில் டேபிள் ஃபேன் முன்னால் உட்கார வைப்பேன். வெறுமனே சூட்டைத் தணிக்க வேண்டும் என்றால் குளிப்பாட்டத் தேவையே இல்லை, நனைத்துப் பிழிந்த துணியால் வயிற்றையும் பாதத்தையும் துடைத்து, நிழலும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தால் போதும். ஐஸ் வேண்டாம். மொட்டையும் வேண்டாம், இரட்டை அடுக்கு முடி வெயிலைத் தடுக்கும் கூரை, அதைச் சீப்பால் வாரி உதிர்ந்ததை எடுத்தால் காற்று போகும்.

எல்லா அரிப்பும் தெள்ளு இல்லை என்பதையும் அங்கே காத்திருந்தபோதே பார்த்தேன். காது ஓரத்திலும் முழங்கையிலும் பொருக்குக் கட்டியிருந்த ஒரு நாய்க்குச் சொறிப்பூச்சி, அதைத் தூக்கிவந்த அக்காவின் கையிலும் சிவப்புத் தடிப்பு, அது ஆளுக்கும் தொற்றும். புளித்த வாடையோடு விரலிடுக்கையே நக்கினால் பெரும்பாலும் ஈஸ்ட். வருஷம் முழுக்க அரித்தால் சாப்பாட்டைச் சந்தேகிக்க வேண்டும். உண்ணி இருந்து, கூடவே காய்ச்சல், சாப்பிடாமல் கிடப்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் என்றால் அது தோல் விவகாரமே இல்லை, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே ஓட வேண்டும்.

சாப்பாட்டில் ஒரே மாற்றம், வாரம் மூன்று நாள் உப்பும் மிளகாயும் இல்லாமல் அவித்த சாளை, அதாவது மத்தி மீன். அந்த மீனில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு தோலுக்கு நல்லது, பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். குட்டனுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை, மீன்காரரின் ஹார்ன் சத்தம் வளைவில் கேட்கும்போதே வாசலில் நிற்கிறான்.

கழுத்தில் முடி முளைத்துவிட்டது, கொஞ்சம் கறுப்பாக. அடுத்த மாத்திரைத் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் ஈரம் இன்னும் கூடும். பாட்டா வாங்கிவந்த புன்னக்காய் எண்ணெய்ப் பாட்டில் வீணாகவில்லை, ராத்திரி அவர் முட்டியில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், குட்டன் பக்கத்தில் போய் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு திரும்பி வருகிறான்.