கைக்குத் தெரிகிறது, கேட்டால் தெரியவில்லை: எக்கோ தேர்வில் நான் தோற்ற கதை

இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் எக்கோ ரூமில் நாலு வருஷம் ஓட்டியிருந்தேன். ஒரு நாளைக்குப் பதினைந்து பேருக்குக் குறையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் மார்பெலும்பு ஓரத்திலிருந்து பார்க்கிற பாரஸ்டெர்னல் வியூ எடுத்துவிடுவேன் என்று ஜூனியர் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. அந்தத் தைரியத்தில் கடலூரிலிருந்து பஸ் ஏறிச் சென்னையில் தேர்வு எழுதப் போய் உட்கார்ந்தேன். 110 கேள்வி, இரண்டு மணி நேரம். முடித்த கையோடு திரையிலேயே வந்துவிட்டது, தேறவில்லை என்று. பிறகு வந்த அறிக்கையில் 531 போட்டிருந்தது. அந்தத் தேர்வின் மதிப்பெண் 300 முதல் 700 வரை. தேற 555 வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் போடுகிறவர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான ஏ.ஆர்.டி.எம்.எஸ். நடத்தும் எஸ்.பி.ஐ. தேர்வு அது. ஒலி அலையின் இயற்பியலும் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதும்தான் பாடம். இதையும் அடல்ட் எக்கோ தேர்வையும் ஐந்து வருஷத்துக்குள் முடித்தால் ஆர்.டி.சி.எஸ்., அதாவது சான்று பெற்ற எக்கோ டெக்னீஷியன், என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். கார்டியாக் டெக்னாலஜி படித்துவிட்டு எக்கோவில் இருப்பவர்கள், இனிமேல் படிக்கப் போகிறவர்கள், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே விட்டேன் என்றால், ரத்தம் ஓடும் வேகத்தை ஒலியால் அளக்கும் டாப்ளரில். அந்தத் தேர்வில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதுதான். நான் தினமும் டாப்ளர் போடுகிறவள். திரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் கலங்கினால் ஸ்கேலை ஏற்றுவேன், பேஸ்லைனை இறக்குவேன், அப்படியும் அடங்காவிட்டால் இடைவிடாமல் ஒலி அனுப்பும் சி.டபிள்யூ. முறையைப் போட்டுவிடுவேன். ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மெஷினை ஆன் செய்து 'அடல்ட் கார்டியாக்' ப்ரீசெட்டை அழுத்தினால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. இன்னொரு பாதியைக் கை பழகிவிட்டது. நடுவில் என் மூளைக்கு வேலையே இல்லாமல் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் பெரியப்பா மகன் வந்தான். நெய்வேலிப் பக்கம் வெல்டிங் சோதிக்கிற வேலை அவனுக்கு. யூ.டி. என்பார்கள். இரும்புக் குழாயின் மேல் ஒலியை அனுப்பி வாங்கும் ப்ரோபை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "இதுல இன்னா கீது, எங்க லெவல் டூ பரீட்சையிலயும் இதே கேள்விதான் வரும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் ஜெல் தடவுகிறோம், அவர்கள் கஞ்சி மாதிரி ஒரு பசையைத் தடவுகிறார்கள். நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது, இருவருக்கும் அதே காரணம். எங்களுக்கு ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர். இரும்பில் அது 5900-ஐ ஒட்டி வரும். மற்றபடி ஒரே கணக்கு.

பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது, எக்கோவே அவன் தொழிலிலிருந்து வந்ததுதான். 1953 அக்டோபரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முட் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் முதன்முதலாக இதயச் சுவர் அசைவதை ஒலியில் பதிவு செய்தார்கள். அதற்கு எடுத்துக்கொண்டது, இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கிற கருவியைத்தான். இதை அண்ணனிடம் சொன்னதிலிருந்து அவனுக்கு ஒரே பெருமை. இன்னும் அடங்கவில்லை.

அவனோடு உட்கார்ந்து போட்ட முதல் கணக்கை அப்படியே தருகிறேன். இது ஒன்று புரிந்தால் டாப்ளரில் பாதி புரிந்த மாதிரி. ஒலி ஒரு சென்டிமீட்டர் உள்ளே போய்த் திரும்பி வர 13 மைக்ரோ செகண்ட் ஆகும். டெப்த்தை, அதாவது பார்க்கும் ஆழத்தை, 16 சென்டிமீட்டரில் வைத்தால், போய் வர 208. அது திரும்பி வருவதற்குள் அடுத்த ஒலித் துடிப்பை அனுப்ப முடியாது. ஆக, நொடிக்குச் சுமார் 4800 துடிப்புதான் அனுப்பலாம். அதில் பாதி 2400 ஹெர்ட்ஸ். இதுதான் நைக்விஸ்ட் எல்லை. 2.5 மெகாஹெர்ட்ஸ் ப்ரோபில் இதை வேகமாக மாற்றினால் நொடிக்கு 74 சென்டிமீட்டர். ரத்தம் அதைத் தாண்டி ஓடினால் நிறம் கலங்கும். இப்போது டெப்த்தை 8-க்குக் கொண்டுவாருங்கள். எல்லை இரண்டு மடங்காகி ஒன்றரை மீட்டரைத் தொடுகிறது. நாலு வருஷமாக நான் டெப்த்தைக் குறைத்ததும் கலர் சுத்தமாகிக்கொண்டுதான் இருந்தது. அதன் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் நான் படித்த முறை இதுதான்: டியூட்டி முடிந்தபின் அரை மணி நேரம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலி மெஷினில் என் மேலேயே ப்ரோபை வைத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஒரு பட்டன்தான் திருப்புவது. திங்கள் ஃபிரீக்வென்சி, செவ்வாய் ஃபோகஸ், புதன் செக்டர் அகலம் என்று. திருப்புவதற்கு முன் நோட்டில் எழுதிவிட வேண்டும், இதைத் திருப்பினால் ஃப்ரேம் ரேட் ஏறுமா இறங்குமா, படம் கூர்மையாகுமா மங்குமா என்று. பிறகுதான் கை வைப்பது. முதல் வாரத்தில் நான் எழுதியதில் பாதி தப்பு. அந்தத் தப்புகளையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தேன். அந்த நோட்டைப் படித்ததுதான் உண்மையில் நான் படித்த படிப்பு. கேள்வி வங்கிகள் எக்கச்சக்கமாகக் கிடைக்கும். அவற்றைக் கடைசி மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே தொட்டால் விடை மனப்பாடம் ஆகிவிடும், காரணம் ஏறாது.

டாப்ளர் எஃபெக்டுக்கு எனக்கு பஸ்ஸே பாடம். தினமும் கடலூர் பாண்டி பஸ்ஸில் போய் வருகிறவள். கன்னியக்கோவில் தாண்டி எதிரே வரும் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே நம்மைக் கடக்கும்போது சுருதி சட்டென்று இறங்கும். நெருங்கும்போது உச்சம், விலகும்போது தாழ்வு. ப்ரோபை நோக்கி வரும் ரத்தமும் விலகும் ரத்தமும் இதேதான். அந்த ஹாரனை ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி நின்று கேட்டால் சுருதி சட்டென்று விழாமல் மெதுவாக இறங்கும் என்பதையும் கவனித்தேன். வண்டி நம்மை நோக்கி நேராக வராமல் பக்கவாட்டில் போகும்போது மாற்றம் குறைவு. அதுதான் கோணம்.

கோணத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தேர்வும் நோயாளியும் ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வின் சுருக்கத்தில் ரத்த வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்றால் கடுமையான சுருக்கம். வேகத்தின் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் அழுத்த வித்தியாசம், 64 மில்லிமீட்டர் பாதரசம் வருகிறது. ப்ரோப் 30 டிகிரி சாய்ந்துவிட்டால் அதே வால்வு 3.46 மீட்டர் என்று காட்டும், அழுத்தம் 48 ஆகிவிடும். கடுமையான நோய் நடுத்தரம் என்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அதனால்தான் இதய நுனிப் பக்கமான ஏபிக்கலில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்திருக்காமல், நோயாளியை வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, பென்சில் மாதிரி இருக்கிற பெடாஃப் ப்ரோபால் வலது மார்பெலும்பு ஓரத்திலும் தேடச் சொல்கிறார்கள். அந்த வால்வுக்கு முன்னால் ரத்தம் வெளியேறும் பாதையான எல்.வி.ஓ.டி.யின் விட்டமும் இப்படித்தான். 2 சென்டிமீட்டரை 1.8 என்று அளந்தால் பரப்பு 3.14-லிருந்து 2.54-க்கு இறங்கிவிடும். இரண்டு மில்லிமீட்டர்ச் சோம்பல், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பிழை. நான் இப்போது மூன்று முறை அளக்கிறேன். முன்பு ஒரே முறைதான்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். நம்மூர்க்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இனிஷியல். மார்க்‌ஷீட்டில் ஓரெழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் சர்நேமாக, ஆதாரில் வேறு ஒன்று. தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவு செய்த பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் வாசலோடு திருப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போய்விடும். முதலில் பாஸ்போர்ட், பிறகு அதே எழுத்துகளில் விண்ணப்பம். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பிலும் இதே தலைவலிதான். அதோடு, வேலை பார்த்த இடத்தில் எத்தனை மணி நேரம், என்னென்ன ஸ்கேன் என்று டாக்டர் கையெழுத்தோடு கேட்பார்கள். வேலையை விட்டுப் போன பிறகு அந்தக் கையெழுத்துக்காக அலைவது கொடுமை. இப்போதே மாதா மாதம் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு சான்று மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே சி.சி.ஐ. என்ற இன்னொரு அமைப்பு நடத்தும் ஆர்.சி.எஸ். இருக்கிறது. பிரிட்டன் பக்கம் போக ஆசையென்றால் பிரிட்டிஷ் சொசைட்டி ஆஃப் எக்கோகார்டியோகிராஃபியின் அங்கீகாரம். அதில் எழுத்துத் தேர்வோடு 250 கேஸ் கொண்ட லாக்புக்கும் செய்முறையும் உண்டு, என் பார்வையில் அதுதான் நியாயமான தேர்வு. சவூதிக்கு அந்நாட்டு ஆணையத்தின் வகைப்படுத்தலும் புரோமெட்ரிக் தேர்வும். எந்தச் சான்றும் விசா ஆகாது. இதைப் பணம் கட்டித்தான் கற்றுக்கொண்டேன். சான்று வாங்கினால் ஆறே மாதத்தில் அமெரிக்கா என்று சொன்ன ஒரு ஏஜென்சியிடம் நாற்பதாயிரம் ரூபாய் போயிற்று. ரசீது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகளுக்கு: எங்கே சேருவது என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது மணி நேரத்தை. 2021-இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம், இணை சுகாதாரப் பணியாளர் என்று சொல்ல இரண்டிலிருந்து நாலு வருஷத்தில் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. ஆறு மாதத்தில் எக்கோ கற்றுத்தருகிறோம் என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜியில் மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி. பாண்டி கோரிமேட்டில் ஜிப்மரும் இந்தத் துறையில் பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. இடம் குறைவு, போட்டி அதிகம், கிடைத்தால் விடாதீர்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், மாணவர்கள் கையில் ப்ரோப் கொடுக்கிறார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். ஓரமாய் நின்று வேடிக்கை பார்த்தே டிகிரி முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம்மூர் வேலை நிலவரத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். சின்ன ஆஸ்பத்திரிகளில் எக்கோவை டாக்டரே போட்டுவிடுவார், டெக்னீஷியனுக்கு ஈ.சி.ஜி.யும், நடக்கவைத்து ஈ.சி.ஜி. எடுக்கும் டி.எம்.டி.யும்தான். கூட்டம் அதிகமுள்ள இடத்தில்தான் எக்கோவுக்கென்று ஆள் வைப்பார்கள். என் முதல் சம்பளம் பன்னிரண்டாயிரம். ரிப்போர்ட்டில் கையெழுத்து டாக்டருடையது, நம் எல்லை எது என்று தெரிந்திருக்க வேண்டும். பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு பாட்டி, பேத்தியையும் கூட்டி வந்து, "இந்த மிஷின்லயே அவ வயித்தையும் பாத்துடேம்மா, ஆம்பளையா பொம்பளையான்னு" என்றார். "ஆயா, அதச் சொன்னா என்ன ஜெயில்ல போட்டுடுவாங்க" என்றேன். சிரிப்பாகத்தான் சொன்னேன், ஆனால் கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் சட்டம் எங்கள் மெஷினுக்கும் உண்டு, அதன்படி ஸ்கேன் இடத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத இடத்தில் யாராவது பகுதிநேர வேலை என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

ஏ.ஐ. வந்து வேலை போய்விடுமா என்று கேட்கிறார்கள். ப்ரோபை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று வழிகாட்டும் மென்பொருளுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020 பிப்ரவரியிலேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஒரு துடிப்பில் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று சொல்லும் இ.எஃப்.-ஐ மெஷினே போட்டுத் தருவதும் இப்போது சாதாரணம். என் கணிப்பு, படம் மட்டும் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஆபத்துதான். மெஷின் தந்த எண் தப்பு என்று கண்டுபிடிக்கிற ஆளை வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். இதயத் தசை சுருங்குவதை அளக்கும் ஸ்ட்ரெயின், குழந்தைகளுக்கான எக்கோ, உணவுக்குழாய் வழியே எடுக்கும் டி.இ.இ.யில் உதவி, ரத்தக் குழாய்களுக்கான வாஸ்குலர் டாப்ளர் என்று ஒன்றையாவது கூடுதலாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

தோள்பட்டையை மறந்துவிட்டேன். படுக்கை உயரத்தைச் சரிசெய்யாமல், கையைத் தூக்கியபடியே நாலு வருஷம் ஸ்கேன் செய்ததில் எனக்கு வலக்கை பாதி ராத்திரியில் மரத்துப்போகும். தேர்விலும் இதைக் கேட்கிறார்கள். நோயாளியை உங்கள் பக்கம் இழுத்துப் படுக்கவையுங்கள். கூச்சப்பட்டால் விளக்கிச் சொல்லிவிட்டு இழுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதினேன். 588. கோயம்பேட்டிலிருந்து பாண்டி பஸ்ஸில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தபோது அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

இப்போது அடல்ட் எக்கோவுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதயம் தளர்ந்து ரத்தம் நிரம்புவதைப் பார்க்கும் டயஸ்டாலிக் ஃபங்ஷன் இன்னும் தகராறுதான். அண்ணன் லெவல் த்ரீக்கு விண்ணப்பித்திருக்கிறான். வீட்டில் நல்ல கால்குலேட்டர் ஒன்றே ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு மேல் அது யாருக்கு என்று தினமும் சண்டை.