அலமாரியில் தேங்கிய விளையாட்டுகள்

ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் கருவிகளில் நிண்டெண்டோவே தயாரித்த விளையாட்டுகள்தாம் நன்றாக விற்கும், வெளி நிறுவனங்கள் தயாரித்தவை விற்கா என்ற பேச்சு வீடியோ கேம் வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் பழகிய ஒன்று. அது குடும்பங்களுக்கான கருவி, குடும்பத்தினர் ஆழமான விளையாட்டுகளை விரும்புவதில்லை என்று அதற்கு ஒரு காரணமும் உடனே சொல்லப்படும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வீடியோ கேம் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் அங்கே சரக்கு எடுக்கும் பொறுப்பையும் பார்த்தவன் என்ற முறையில், அந்தக் காரணத்தை நான் ஏற்பதில்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டார ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இருந்தவர்கள், அல்லது தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் குடியேறியவர்கள். அவர்களுக்கு ரசனை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

நான் முதன்மையாகப் பேசுவது நிண்டெண்டோவின் வீ (Wii) கருவியைப் பற்றி. 2006 இறுதியில் வெளிவந்த அந்தக் கருவி உலகெங்கும் 101 மில்லியனுக்கும் மேல் விற்றது. எங்களுக்கு வந்த பெட்டிகளில் வீ ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டின் வட்டும் சேர்ந்தே இருந்தது. பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற தாத்தாவும் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேத்தியும் கை அசைவை உணரும் அதன் ரிமோட்டைப் பிடித்தபடி கையை வீசினால் திரையில் பந்து உருண்டது. சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. அந்த ஒரு வட்டை வைத்துக்கொண்டே ஓர் ஆண்டு முழுவதையும் மகிழ்ச்சியாக ஓட்டிய வீடுகளை நான் அறிவேன். வெளி நிறுவனங்கள் முதலில் போட்டியிட வேண்டியிருந்தது விலை கொடுக்காமலே கிடைத்த அந்த விளையாட்டோடுதான் என்பதைப் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது விளையாட்டு வாங்கப்படுவது பெரும்பாலும் தீபாவளிக்கு முன்போ போனஸ் கிடைத்த மாதத்திலோதான். ஓர் அம்மா, செம்பனை ஆலையில் வேலை முடித்துச் சீருடையோடு வந்தவர், அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் நேராகப் பின்பக்கத்தைத் திருப்பி, எத்தனை பேர் ஆடலாம் என்று குறிக்கும் இடத்தைத் தேடினார். "தம்பி, இது நாலு பேரும் சேர்ந்து விளையாடுறதா?" என்று கேட்டார். ஒருவர் மட்டும் ஆடுவது என்றேன். பெட்டியை இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டு, "மரியோ கார்ட் எடுத்துக்கிறேன் தம்பி, எங்க நாத்தனார் வீட்டுல பிள்ளைங்க ஆடுனதைப் பார்த்தேன்" என்றார். அவர் ஒதுக்கிவைத்தது நல்ல விளையாட்டுதான். ஆனால் மூன்று பிள்ளைகள், ஒரு தொலைக்காட்சி, ஆண்டுக்கு ஒரு விளையாட்டு என்ற கணக்கில் அவர் எடுத்த முடிவில் ஒரு குறையும் காண முடியாது. 2008இல் வந்த, நிண்டெண்டோவே தயாரித்த கார்ப்பந்தய விளையாட்டான மரியோ கார்ட் வீ உலகளவில் 37 மில்லியனைத் தாண்டியதற்குப் பின்னால் இத்தகைய கணக்குகள் எத்தனையோ இருந்திருக்கும்.

நாத்தனார் வீட்டில் பார்த்தேன் என்ற அந்தச் சொல்லில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. குடும்பக் கருவியில் ஒரு விளையாட்டு விற்க வேண்டுமானால், அது முதலில் இன்னொரு வீட்டுக் கூடத்தில் ஆடப்பட்டு நாலு பேர் கண்ணில் பட வேண்டும். வீட்டுக்கு வருவோரையெல்லாம் விருந்து வைத்து வரவேற்கும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு முடிந்த வாரங்களில் எங்கள் கடைக்கு வந்தவர்கள் கேட்ட பெயர்கள் எல்லாம் அந்த உபசரிப்புகளில் ஆடப்பட்டவையே. இரவில் ஒருவர் தனியே அமர்ந்து ஆடும் விளையாட்டு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்த வழியில் பரவ முடியாது.

விலைதான் தடை என்று வாதிடுவோருக்கு எங்கள் இரவுச் சந்தையைக் காட்டுவேன். அங்கே திருட்டு வட்டுகள் சில மலேசிய வெள்ளிக்கு விற்கப்பட்டன. கருவியை அதற்கேற்ப மாற்றிக்கொடுப்பவர்களும் இருந்தார்கள். அந்தத் தொழிலை நான் வெறுத்தேன், இன்றும் வெறுக்கிறேன். ஆனாலும் அது ஓர் உண்மையைக் காட்டியது. நிண்டெண்டோவின் வட்டுக்கும் வெளி நிறுவனத்தின் வட்டுக்கும் அங்கே ஒரே விலை. எல்லாம் ஒரே பலகையில் கிடந்தன. விற்பனைக் கணக்கு எழுதுபவர் யாரும் இல்லை. அங்கேயும் மக்கள் முதலில் கேட்டது மரியோவைத்தான். விலை சமமான பின்னும் தேர்வு மாறவில்லை என்றால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

வெளி நிறுவனங்கள் அந்தக் கருவிக்கு எதை அனுப்பின என்பதில் காரணத்தின் பெரும்பகுதி இருக்கிறது என்பது என் கருத்து. வீ ஸ்போர்ட்ஸின் வெற்றியைக் கண்டதும், சின்னச் சின்ன விளையாட்டுகளை ஒரு வட்டில் அடைத்து, சிரிக்கும் முகங்களை அட்டையில் போட்டு வந்த தொகுப்புகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. நன்றாக ஓடும் சரக்கு வேண்டுமென்றால் இவற்றிலும் சிலவற்றை எடுத்தாக வேண்டும் என்று எங்களுக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரி நிபந்தனை போட்டார். எங்கள் தவுக்கே (கடை முதலாளி) வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார். அவற்றில் போட்ட முதல் முடங்கியது பெரிய இழப்பு. அதைவிடப் பெரிய இழப்பு, அவற்றை நம்பி வாங்கியவர்களின் முகத்தில் நாங்கள் பார்த்த ஏமாற்றம். ஒருமுறை அப்படிச் செலவழித்த தகப்பன், அடுத்த முறை அறிந்த பெயரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. மோசமான தொகுப்பைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை அவர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மரியோ இல்லாத எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்து அந்தக் கசப்பு நிலைத்துவிடுகிறது. நல்ல நிறுவனங்கள் அடி வாங்கியது இப்படித்தான்.

தொழில்நுட்பக் காரணத்தையும் விட்டுவிட முடியாது. அன்றைய போட்டிக் கருவிகளான எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றில் மொத்த நினைவகம் 512 மெகாபைட். வீயில் 88 மெகாபைட். மற்ற இரண்டு கருவிகளுக்கும் எழுதிய விளையாட்டை அப்படியே இதற்குக் கொண்டுவர வழியில்லை. தனியாக ஒரு பதிப்பு செய்ய வேண்டும். அதற்குச் செலவழிக்க மனமில்லாத நிறுவனங்கள் தாமதமாகவோ குறைத்தோ கொடுத்தன. கால் ஆஃப் டியூட்டி என்ற போர் விளையாட்டு வரிசையின் மாடர்ன் வார்ஃபேர் மற்ற கருவிகளில் 2007இல் வந்தது. வீயில் 2009இல் வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் அதை ஆட விரும்பியவர்கள் எல்லாரும் வேறு கருவியில் ஆடி முடித்திருந்தார்கள்.

கருவிக்கென்றே சிந்தித்துச் செய்தவர்களும் இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் 'வின்னிங்' என்று சுருக்கிச் சொல்லும் கோனாமியின் கால்பந்து விளையாட்டு 2008இல் வீக்கு வந்தபோது, ரிமோட்டைத் திரையை நோக்கி நீட்டி, பந்து காலில் இல்லாத ஆட்டக்காரரையும் இழுத்து ஓடவிடும் புதிய முறையோடு வந்தது. தோட்டத்துக் குழுவுக்கு ஆடும் பையன்களைக் கூப்பிட்டுக் கடையில் ஆடவிட்டேன். "அண்ணே, இது நிஜ மேட்ச் மாதிரியே இருக்கு" என்று ஒருவன் வியந்தான். பின்வரிசைக்காரனை மேலே ஏற்றிவிட்டு, காலியான இடத்தை முன்வரிசைக்காரன் பயன்படுத்துவதை அவர்கள் தங்கள் திடலைப் போலவே விவாதித்தார்கள். ஆனால் யாரும் வாங்கவில்லை. அவர்கள் நண்பர்கள் அனைவரிடமும் பிளேஸ்டேஷன் இருந்தது. ஒருவன் மட்டும் வேறு முறையில் பழகினால் அவனோடு ஆட ஆளில்லை. நிண்டெண்டோ 64 கருவி 1996இல் குறுவட்டுக்கு மாறாமல் பழைய கார்ட்ரிட்ஜிலேயே நின்றதும், ஸ்கொயர் நிறுவனம் ஃபைனல் ஃபேண்டசி 7 விளையாட்டை 1997இல் நிண்டெண்டோவை விட்டுப் பிளேஸ்டேஷனுக்குக் கொடுத்ததும், இப்படியொரு கூட்டம் முன்பே இடம் மாறியதற்கான பழைய காரணங்களில் அடங்கும். வீ வந்தபோது அவர்கள் ஏற்கெனவே வேறு வீட்டில் குடியேறியிருந்தார்கள்.

கேப்காமின் ஸேக் அண்ட் விக்கி எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. 2007இல் வந்தது. கடற்கொள்ளைச் சிறுவனும் அவனோடு பறந்து வரும் குரங்கும் புதிர்களை அவிழ்ப்பார்கள். பூட்டைத் திறக்க ரிமோட்டைச் சாவிபோல் திருப்ப வேண்டும், மரத்தை அறுக்க ரம்பம்போல் இழுக்க வேண்டும். குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை அந்நாளில் வெளி நிறுவனம் எதுவும் கொடுக்கவில்லை என்றே சொல்வேன். அது விமர்சகர்களிடம் பாராட்டு பெற்றும் உலகளவில் சரியாக விற்கவில்லை. எங்கள் கடையில், அலமாரியில் கிடந்தவரை அதை யாரும் தொடவில்லை. சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் ஓடவிட்டுப் பிள்ளைகள் கையில் ரிமோட்டைக் கொடுத்தபோது, பின்னால் நின்ற பெற்றோர்களே "அந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம்" என்று சேர்ந்துகொண்டார்கள், வாங்கவும் செய்தார்கள். குறை வாங்குபவரிடம் இல்லை என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. யூபிசாஃப்ட்டின் நடன விளையாட்டான ஜஸ்ட் டான்ஸ் 2009 முதல் பெரும் விற்பனை கண்டதும் அதே வழியில்தான்: ஆடுபவரை அறை முழுவதும் பார்க்கிறது, பார்த்தவர் அடுத்து ஆடுகிறார். அதுவும் வெளி நிறுவனத்தின் விளையாட்டே.

2017இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவி வந்த பின் நிலைமை பெரிதும் மாறியது. வெளியார் தயாரித்த மைன்கிராஃப்ட்டும் ஸ்டார்டியூ வேலியும் அதில் நன்றாக விற்றன. குழந்தைகள் கருவியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போவதால் விளையாட்டும் கூடவே போகிறது. ஆனால் கால்பந்தில் பழைய கதை நீடித்தது. ஈஏ நிறுவனத்தின் ஃபிஃபா கால்பந்து வரிசையில் ஃபிஃபா 20 முதல் ஃபிஃபா 23 வரை ஸ்விட்சுக்கு வந்தவை ஆட்டக்காரர் பட்டியலும் சட்டையும் மட்டுமே புதுப்பிக்கப்பட்ட பதிப்புகள். அட்டையில் ஆண்டு மாறியிருக்கும், உள்ளே ஆட்டம் மாறியிருக்காது. அதைத் தெரிந்துகொண்டே ஒரு பையனிடம் விற்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். அந்த வரிசை பெயர் மாறி 2023இல் வந்த எஃப்சி 24 தான் மற்ற கருவிகளில் உள்ள அதே ஃப்ராஸ்ட்பைட் மென்பொருள் அடித்தளத்தோடு முதன்முறையாக ஸ்விட்சுக்கு வந்தது. அதற்குள் அன்று கடையில் 'வின்னிங்' ஆடிப் பார்த்த பையன்கள் பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள். பிள்ளைகளுக்கென்று ஸ்விட்ச் வாங்குகிறார்கள், மரியோவும் வாங்குகிறார்கள். கால்பந்துக்கு மட்டும் பிளேஸ்டேஷனை வைத்துக்கொள்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் குறைந்த சரக்கைக் கொடுத்துவிட்டு, ஓர் ஆண்டு சரியாகக் கொடுத்ததும் அவர்கள் திரும்பி வர வேண்டும் என்று அந்த நிறுவனங்கள் எதிர்பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.