நூரெம்பெர்க்கில் நாலு கிங்கோ மரம்

தங்கை எர்லாங்கனில் இருக்கிறாள். அங்கிருந்து நூரெம்பெர்க்குக்கு ரயிலில் இருபது நிமிடம், நம்ம மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். போன அக்டோபர் கடைசியில் அவள் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். முதல் வாரம் முழுக்க ரசம் வைத்து, அவள் பையனுக்குக் கதை சொல்லி, குளிருக்குப் பயந்து ஜன்னல் வழியாகவே ஜெர்மனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் அவளே லீவு போட்டாள். "கிளம்புக்கா, நூரெம்பெர்க் போயிட்டு வருவோம். கிறிஸ்துமஸ் சந்தைக்கு நீ ஒரு மாசம் முன்னாடியே வந்துட்ட, பரவாயில்ல, பார்க்க வேற இருக்கு."

எர்லாங்கனைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1686-ல் பிரான்சிலிருந்து மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்த ஹ்யூகனாட்டுகளைக் குடிவைக்கக் கட்டிய புதுநகரம் அது. இப்போது அதே நேர்த்தெருக்களில் நம்மாட்கள் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு தமிழில் சண்டை போட்டபடி போகிறார்கள்.

நூரெம்பெர்க் என்றால் எனக்கு ஸ்கூல் புத்தகத்தில் வந்த விசாரணைதான், 1945-46-ல் நாஜித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றியது. அதற்கு முன்னால் அதே ஊரில்தான் நாஜிகள் வருடாவருடம் மாநாடு போட்டார்கள் என்பது அங்கே போய்த்தான் உறைத்தது. டிராமில் போய் இறங்கினால் எதிரில் ஒரு பூதாகாரமான அரைவட்டக் கட்டடம், ரோமின் கொலோசியத்தைப் பார்த்துப் போட்ட பிளான், போர் வந்ததால் முடிக்காமலே விட்டது. 2001-ல் அதற்குள் ஆவண மையம் திறந்தபோது கட்டடக் கலைஞர் குந்தர் டொமெனிக் ஒரு காரியம் செய்திருக்கிறார்: கண்ணாடியும் எஃகுமான ஒரு நீளப் பாதையைக் குறுக்கே ஈட்டி மாதிரிச் செருகிவிட்டார். எனக்குக் கட்டடக்கலை ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தக் கோபம் புரிந்தது.

1935 செப்டம்பரில் நூரெம்பெர்க் சட்டங்களைப் போட்டதும் இங்கேதான். யூதர்களின் குடியுரிமையைப் பறித்து, அவர்கள் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்று விதித்த சட்டம். தங்கை அதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இவள் கல்யாணத்துக்கு எங்கள் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. அம்மாவே கடைசி நாள்தான் வந்தாள். சரி, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

மத்தியானம் ஊருக்குள் வந்து, ஸ்டேஷன் பக்கத்தில் 'மூணு சாசேஜ் ஒரு பன்னுக்குள்ளே' என்று இந்த ஊரே பெருமை பேசுகிற சாப்பாட்டை அவள் சாப்பிட்டாள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன புளிசாதத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பூனால் சாப்பிட்டேன். அங்கிருந்து பத்து நிமிட நடை, ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டிய கார்டாய்சர்காசே என்கிற சந்துக்கு. அங்கேதான் மனித உரிமைகளின் பாதை இருக்கிறது.

இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான் செய்தது, 1993-ல் திறந்தார்கள். வெள்ளைக் கான்கிரீட்டில் 27 தூண், ஒவ்வொன்றும் எட்டு மீட்டர் உயரம். இரண்டைத் தரைக்குள் புதைத்து மேல்தட்டு மட்டும் தெரிகிறாற்போல் விட்டிருக்கிறார்கள், கவனிக்காமல் அதன்மேல் நடந்து போய்விடலாம், நானும் போனேன். தூண் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் ஓக் மரம். எல்லாம் சேர்த்து 30, ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தில் 30 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஜெர்மனிலும் இன்னொரு மொழியிலுமாக ஒரு பிரிவு. முதல் தூணில் அந்த இன்னொரு மொழி, இத்திஷ். நாஜிகள் கொன்ற யூதர்களில் பெரும்பாலானோர் வீட்டுக்குள் பேசிய மொழி. எழுத்தின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது.

தமிழ் இருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தேடினோம், இதெல்லாம் நமக்குப் பழக்கம்தானே. என் கண்ணில் படவில்லை. தூண்களில் இடம்பெறாத மொழிகளுக்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த ஓக் மரம் என்றாள் தங்கை. சரி, நமக்கு மரம் கிடைத்தது. அதன் கீழே நின்று போனில் பிரகடனத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்தேன், 16-வது பிரிவு, கல்யாணம் பற்றியது. இனம், நாடு, மதம் எதுவும் தடையாக இல்லாமல் மணம் செய்துகொள்ளும் உரிமை என்று வருகிறது. கேட்டுவிட்டு அவள், "சாதின்னு போட மறந்துட்டாங்கக்கா" என்று சிரித்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் திரும்பிப் பார்த்தது.

இந்தப் பாதையோடு சேர்த்து 1995-லிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நகரமே ஒரு மனித உரிமை விருது கொடுக்கிறது. 2003-ல் அது நம்ம மனித உரிமைப் போராளி டீஸ்டா செதல்வாட்டுக்கும் பாகிஸ்தானில் அதே வேலை செய்த இப்ன் அப்துர் ரஹ்மானுக்கும் சேர்த்துப் போனது. விருதுக்குப் பிறகு தெருவில் நீள மேசை போட்டு ஊர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 'அமைதிப் பந்தி' என்று நான் பெயர் வைத்தேன். ஒரே பந்தியில் எல்லாரையும் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று, இதே நூரெம்பெர்க்கில் யுனெஸ்கோ முன்னின்று, இனவெறிக்கு எதிரான ஐரோப்பிய நகரங்களின் கூட்டணியைத் தொடங்கினார்கள். பத்து அம்சத் திட்டம் ஒன்று. சேருகிற நகரம் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நகராட்சி வேலைக்கு ஆள் எடுப்பதில், வாடகை வீட்டில், பள்ளிக்கூடத்தில், வெறுப்புக் குற்றம் நடந்தால் என்ன செய்வது என்பதில், பாகுபாடு நடந்தால் புகார் சொல்ல ஓர் இடம் வைப்பதில் என்று போகிறது பட்டியல். முதலில் கேட்டபோது, இதற்கு எதற்கு நகரங்கள், நாடுகள் சட்டம் போட்டால் போதாதா என்றுதான் தோன்றியது. தங்கைக்கு நடந்ததைக் கேட்டபிறகு தோன்றவில்லை.

முதல் வருடம் வீடு தேடினார்கள். விளம்பரத்தைப் பார்த்து மெயில் போட்டால் பதிலே வராது, வந்தால் 'வீடு போய்விட்டது'. முப்பது, நாற்பது மெயில். ஒருநாள் மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர், ஜெர்மன்காரர், அதே விளம்பரத்துக்கு, அதே சம்பளம் அதே குடும்பம் என்று தன் பெயரில் மெயில் போட்டார். ஒரு மணி நேரத்தில் 'சனிக்கிழமை வந்து பாருங்கள்'. 2006-லிருந்து ஜெர்மனியில் பாகுபாட்டுக்கு எதிரான பொதுச்சட்டம் இருக்கிறது. சட்டம் பெர்லினில் இருந்தது, சாவி வீட்டுக்காரர் பாக்கெட்டில் இருந்தது. நகராட்சியில் இதற்கென்றே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா இரண்டு மெயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டார். வீடு கிடைக்கவில்லை. "ஆனா முதல் தடவையா ஒரு ஆள் 'நீங்க கற்பனை பண்ணல'ன்னு சொன்னாங்கக்கா" என்றாள். அதற்கு என்ன மதிப்பு என்று வீடு கிடைக்காமல் அலைந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்தத் தூண்களைத் தாண்டி நடந்தோம். கார்டாய்சர்டோர் என்கிற பழைய வாசல் பக்கம் நாலு கிங்கோ மரம். இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றும் சின்னப் பனையோலை விசிறி மாதிரி. பக்கத்தில் ஒரு கல், அதில் பெயர்கள்.

என்எஸ்யு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட நியோ நாஜிக் கும்பல் 2000-லிருந்து 2007 வரை ஜெர்மனியில் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றது. எட்டுப் பேர் துருக்கி வம்சாவளி, ஒருவர் கிரேக்கர், ஒருவர் போலீஸ்காரப் பெண். மூன்று கொலை இந்த நூரெம்பெர்க்கில். 2000 செப்டம்பரில் சாலையோரம் பூ விற்ற என்வர் ஷிம்ஷெக், 2001 ஜூனில் தையல்கடையில் அப்துர்ரஹீம் ஓசுதோரு, 2005 ஜூன் 9-ல் தன் டோனர் கடையில், அதாவது துருக்கிக் கபாப் கடையில், இஸ்மாயில் யஷார். மறுபடி தேதியைப் பாருங்கள். இனவெறிக்கு எதிராக நகரங்கள் இங்கே கூடிக் கையெழுத்துப் போட்டு ஆறே மாதம்.

கொலைகாரர்கள் வெளியூர்க்காரர்கள், அதற்கு ஊரை என்ன சொல்ல முடியும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அங்கேயே நிறுத்தியது. போலீஸ் தேடியது செத்தவர்களின் குடும்பத்துக்குள். போதைப் பொருளாக இருக்கும், மாஃபியாவாக இருக்கும், கடன் தகராறாக இருக்கும். ஷிம்ஷெக்கின் மனைவியிடம், உன் புருஷனுக்கு வேறொரு பெண்ணோடு இன்னொரு குடும்பம் இருந்தது என்று விசாரணையில் பொய்யே சொன்னார்கள், வாயைப் பிடுங்குவதற்காக. விசாரணைக் குழுவுக்கு வைத்த பெயர் 'போஸ்பொரஸ்', இஸ்தான்புல் நடுவே ஓடுகிற ஜலசந்தியின் பெயர். மாமூல் கேட்டு மாஃபியா வரும் என்று போலீஸே ஒரு டோனர் கடையைத் திறந்து காத்திருந்தது! பத்திரிகைகள் 'டோனர் கொலைகள்' என்று எழுதின. 2011 நவம்பரில் கும்பல் தானாக அம்பலமாகும்வரை இதுதான் கதை. அடுத்த வருடம் பெர்லினில் நடந்த அரசு அஞ்சலிக் கூட்டத்தில் ஷிம்ஷெக்கின் மகள் செமியா பேசினார்: பதினோரு வருடம் எங்களால் மனச்சாட்சி உறுத்தாமல் பாதிக்கப்பட்டவர்களாகக்கூட இருக்க முடியவில்லை என்று.

இந்த மரங்களை நகரம் 2013-ல் வைத்தது. மூன்று மரம் அந்த மூவருக்கு, நாலாவது இனவெறிக்குப் பலியான மற்ற எல்லாருக்கும். தூண்களிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் வைத்தது நல்ல காரியம் என்று நினைக்கிறேன். தூணை மட்டும் பார்த்திருந்தால் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

சாயங்காலம் கோஸ்டன்ஹோஃப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் நிறைய இருக்கிற பகுதி, ஒரு துருக்கிக் கடையில் டீ குடித்தோம். இடுப்பு ஒடுங்கிய குட்டிக் கண்ணாடி கிளாஸ், சூட்டில் பிடிக்கவே முடியவில்லை. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். என்னை 'ஆப்லா' என்று கூப்பிட்டார், துருக்கியில் அக்கா என்று அர்த்தமாம். எங்கே போனீர்கள் என்று கேட்டார், தங்கை சொன்னாள். கொஞ்ச நேரம் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தவர், அந்த நாட்களில் வாடிக்கைக்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள் என்றார்: நீயும் மாஃபியாவுக்குப் பணம் கட்டுகிறாயா? "கெட்டவங்க இல்ல, தினம் வர்றவங்கதான் கேப்பாங்க." டீக்குக் காசு வாங்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் தங்கை வதந்திகளை எதிர்க்கிற ஒரு வேலையைப் பற்றிச் சொன்னாள். பார்சிலோனா 2010-ல் தொடங்கியது. வெளியூர்க்காரர்களைப் பற்றி ஊரில் ஓடுகிற கதைகளைப் பட்டியல் போட்டு, அதற்கென்றே ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, டீக்கடை, பஸ், குடும்ப விருந்து என்று பேச்சு நடக்கிற இடத்திலேயே எதிர்கொள்வது. ஒரு காமிக்ஸ்கூடப் போட்டார்கள். ஐரோப்பியக் கவுன்சில் 2008-லிருந்து நடத்துகிற பண்பாடுகளிடை நகரங்கள் திட்டம் வழியாக அது பரவி, 2014 வாக்கில் பில்பாவ், லிமெரிக், லுப்ளின், பாத்ராஸ் மாதிரியான ஊர்களோடு நூரெம்பெர்க்கும் எர்லாங்கனும் சேர்ந்து முயன்று பார்த்தன. நகரங்கள் ஒன்றுகூடி மாநாடு போட்டுத் தீர்மானம் எழுதுவதைவிட, ஒரு ஊர் கண்டுபிடித்த கைவேலையை இன்னொரு ஊர் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்வது எனக்கு உருப்படியாகத் தெரிகிறது.

இவளுடைய ஜெர்மன் டீச்சர் வகுப்பிலேயே அந்தப் பயிற்சியைச் செய்ய வைப்பாராம். முதல் விதி, புள்ளிவிவரத்தைத் தூக்கி எறியாதே, எதிராளி வீம்பு பிடிப்பான். திட்டவும் கூடாது. கேள்வி கேள். "யார் சொன்னா? நீங்க பார்த்தீங்களா? அப்படி இல்லாத ஒருத்தரையாவது தெரியுமா?" அவ்வளவுதான். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டமாம். எங்கள் குடும்பத்தில் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள் யாரும் கிடையாது.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் புளிசாத டப்பாவோடு ரெண்டு கிங்கோ இலை. பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன், இமிக்ரேஷனில் அது கீழே விழுந்து நான் குனிந்து தேடி, அது தனிக்கதை.

மதுரைக்கு வந்த நாலாம் நாள். மாடி போர்ஷன் இரண்டு மாதமாகக் காலி. ஒரு பையன், பேங்க் வேலை, மனைவியோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவங்களுக்குக் குடுக்க வேணாம், அவங்க ஆளுங்க வீட்டைச் சுத்தமா வச்சுக்க மாட்டாங்க" என்றாள்.

"யாரும்மா சொன்னா?"

"எதிர்வீட்டு டீச்சர்தான்."

"நீ பார்த்தியா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். நான் பேசாமல் இருந்தேன். ஃபேன் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

"உன் தங்கச்சி வீட்டுக்காரரு வீட்டைச் சுத்தமாத்தான் வச்சிருக்காரா?" என்று கேட்டாள்.

"தினம் அவருதான் பாத்ரூம் கழுவுறாரு."

"அப்படியா," என்றாள் அம்மா. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.