நம்ம ஊர் மண்ணுக்கு எந்த மவுன்டன் பைக்: ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

மவுன்டன் பைக் வீடியோ பார்ப்பவர்களின் ஆசை பெரும்பாலும் பின்னாலும் ஷாக் வைத்த ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி மேலேதான் போய் நிற்கும். அந்த வீடியோக்களில் வருவது படிப்படியான பாறையும், வேர் பின்னிக் கிடக்கும் இறக்கமும். நம்ம நெல்லை, தூத்துக்குடி பக்கமும் அப்படிப் பாதை இல்லாமல் இல்லை. பாபநாசத்துக்கு மேலே, களக்காட்டுக்கு மேலே தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்த மலை 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போனாலும் குற்றம்தான்.

அதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது குளத்தங்கரை, வாய்க்கால் கரை, ஓடை, பனங்காட்டு வண்டிப்பாதை, கயத்தாறு பக்கத்துக் கரிசல், சாத்தான்குளம் தாண்டிய செம்மணல் தேரி, உவரி மணப்பாடு கடற்கரை ஓரம். இந்த மண்ணுக்கு, பத்தில் எட்டுப் பேருக்கு ஏர் ஃபோர்க் (காற்றடைத்த முன் ஷாக்) மட்டும் வைத்து, பின்னால் ஷாக் இல்லாத ஹார்ட்டெயிலும் அகலமான டியூப்லெஸ் டயருமே சரி. பின் ஷாக்குக்குப் போகும் காசை டயரிலும் ஃபோர்க்கிலும் போடுங்கள். மீதி இரண்டு பேர் யார் என்பதும் கீழே இருக்கிறது.

ஹார்ட்டெயிலில் பின் சக்கரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் டயரில் உள்ள காற்றைத் தவிர வேறு மெத்தை கிடையாது. ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பக்கம் தனியாக அசையும். அதற்கு ஷாக், அதை ஃபிரேமோடு இணைக்கும் லிங்க், நாலைந்து இடத்தில் பேரிங் என்று சாமான் சேரும். ஒரே விலையில் இரண்டையும் நிறுத்திப் பார்த்தால் ஃபுல் சஸ்பென்ஷன் ஒன்றரை, இரண்டு கிலோ கூடுதலாக இருக்கும். பிரேக், கியர், சக்கரம் எல்லாமே ஒரு படி மட்டமாக இருக்கும். ஷாக்குக்கான காசை வேறு எங்கிருந்து எடுப்பான்?

தேரியில் பின் ஷாக்கால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. அந்தச் சிவப்பு மணல் பொடிசு, உருண்டை, இறுகவே இறுகாது. அங்கே உங்களைத் தடுப்பது மேடுபள்ளம் அல்ல, சக்கரம் புதைவது. புதையாமல் போக அகல டயரும் குறைந்த காற்றும் வேண்டும். 2.4 இன்ச் டியூப்லெஸ் என்றால் மணலுக்கு மட்டும் 15, 16 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். எளிதான கியரில், உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டில்பாரை வெட்டாமல் மிதிக்க வேண்டும். பின் ஷாக்கை லாக் செய்யாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் சீட் இறங்கி ஏறும். காலில் கொடுக்கிற பலத்தில் கொஞ்சம் அங்கேயே போய்விடும்.

கரிசலில் ஐப்பசி மழைக்குப் பிறகு கதையே வேறு. மண் டயரில் அப்பும், அதன் மேல் வைக்கோலும் சரளைக்கல்லும் ஒட்டும், சேர்ந்து ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையில் அடைத்துக்கொள்ளும், சக்கரம் நின்றுவிடும். ஹார்ட்டெயில் என்றால் ஒரு குச்சியால் நோண்டிவிடலாம். ஃபுல் சஸ்பென்ஷனில் பெடலுக்குப் பின்னால் லிங்க் சந்துகளில் புகுந்த மண் குச்சிக்கு எட்டாது. காய்ந்ததும் அதுவே உப்புத்தாளாக மாறி பேரிங் சீலைத் தேய்க்கும். எந்த வண்டியானாலும் மண் அடைத்த நிலையில் வம்படியாக மிதிக்காதீர்கள். செயின் சிக்கி, கியர் மாற்றுகிற பின் டீரெய்லரை இழுக்கும், அதை ஃபிரேமில் தாங்குகிற ஹேங்கர் ஒடியும். ஹேங்கர் வண்டிக்கு வண்டி வேறு வடிவம், எந்தக் கடையிலும் பொதுவாகக் கிடைக்காது. வண்டி வாங்குகிற அன்றே கூட ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் பையில் போட்டுவிடுங்கள்.

ஃபுல் சஸ்பென்ஷன் நியாயமாக ஜெயிக்கிற இடமும் நம்ம ஊரில் ஒன்று உண்டு: வற்றிய குளம். பிசான நெல் அறுத்து முடிந்து தண்ணீர் இறங்கும்போது ஈரக் களிமண்ணில் மாடும் எருமையும் நடக்கும். அந்தத் தடம் சித்திரை வெயிலில் செங்கல் மாதிரி காய்ந்து நிற்கும். ஒவ்வொரு குழியும் மூன்று நான்கு விரல் ஆழம், விளிம்பு கூர்மை, அடிக்கு ஒன்று வீதம் வரிசையாக. மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் இடி விழும். ஹார்ட்டெயிலில் உட்கார்ந்து மிதிக்கவே முடியாது. எழுந்து நின்றாலும் பின் சக்கரம் தரையை விட்டு விட்டுத் தொடும், பிரேக் பிடிக்காது. நல்ல பின் ஷாக் இருந்தால் உட்கார்ந்தபடியே மிதித்துக் கடக்கலாம்.

இந்தத் தடத்தில் ஃபோர்க்கே வேலை செய்யவில்லை என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் ரீபவுண்டை, அதாவது அமுங்கியது திரும்ப எழும்பும் வேகத்தை, மெதுவாக வைத்திருப்பதுதான் காரணம். ஒரு அடிக்கு அமுங்கிய ஃபோர்க் முழுசாக எழும்பும் முன் அடுத்த அடி விழுந்தால் அது அமுங்கிய நிலையிலேயே தங்கிவிடும். அடியில் உள்ள சிவப்புக் குமிழை இரண்டு மூன்று கிளிக் வேகப் பக்கம் திருப்பிப் பாருங்கள், அதே ஃபோர்க் உயிர் பெறும்.

முள்ளுக்கு இரண்டு வண்டியும் ஒன்றுதான். ஆட்டுக்காரர்கள் கிளையை வெட்டிப் போட்டுவிட்டுப் போன இடத்தில் உடைமர முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் பாதை முழுக்கக் கிடக்கும். டியூப் போட்டு ஓட்டுவது வீண் வேலை. டியூப்லெஸ் மாற்றி, 29 இன்ச் 2.4 டயருக்கு 110 முதல் 120 மில்லி சீலன்ட் ஊற்றுங்கள். முள் குத்தினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி திருப்பிக் கொஞ்ச நேரம் வையுங்கள், அடைத்துக்கொள்ளும். நம்ம வெயிலில் சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் சளக் சளக் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வால்வ் வழியாக 60 மில்லி சேர்க்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐயில் ஆரம்பிக்கலாம். ஹார்ட்டெயிலின் பின் டயர் கல்லில் ரிம்மைத் தட்டுகிற சத்தம் கேட்டால் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள்.

இனி கடைக்குப் போவோம். “அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் ஷாக்கு இருக்குல்லா, விலையும் கம்மிதான்” என்று பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு வண்டியைக் காட்டுவார்கள். நடுவில் மொத்தமாக ஒரு சுருள் ஸ்பிரிங், அசைகிற இடத்தில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ். அந்த ஸ்பிரிங்கில் துள்ளலை அடக்கும் டேம்பிங் கிடையாது, அமுங்கியது அப்படியே எகிறும். எடையும் பதினேழு, பதினெட்டு கிலோ வரும். ஒரு வருஷத்துக்குள் புஷ் தேய்ந்து பின் சக்கரம் இடம் வலம் ஆடத் தொடங்கும். அதை ஃபுல் சஸ்பென்ஷன் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். உருப்படியான ஃபுல் சஸ்பென்ஷன் லட்சத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே பட்ஜெட் என்றால் யோசனையே வேண்டாம், ஹார்ட்டெயில்.

ஹார்ட்டெயில் வாங்கும்போது கலரைப் பார்ப்பதற்கு முன் ஹெட் டியூபை, அதாவது ஃபோர்க் மேல் தண்டு நுழைகிற ஃபிரேம் குழாயைப் பாருங்கள். மேலே சின்னதாக, கீழே பருத்து டேப்பராக இருந்தால் பிற்பாடு நல்ல ஃபோர்க் மாற்றலாம். மேலும் கீழும் ஒரே அளவில் மெல்லிசாக இருந்தால், இன்று வரும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அதில் ஏறாது. அடுத்தது பின் சக்கர அச்சு: 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சில் (ஃபிரேமின் இரு பக்கத்தையும் ஊடுருவித் திருகுகிற அச்சு), 148 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் எதிர்காலத்தில் சக்கரம் மாற்றுவது சுலபம். மூன்றாவது, பின் டயரின் இரு பக்கமும் ஒரு விரல் தாராளமாக நுழைகிற இடைவெளி. கரிசலுக்கு அது இல்லாமல் ஆகாது. ஃபோர்க்கில் காற்று அடைக்கிற வால்வ் மேல் மூடிக்கு அடியில் இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிங் ஃபோர்க் என்றால் ஐம்பது கிலோ ஆளுக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங்தான். மேலே திருகுகிற குமிழ் ஸ்பிரிங்கின் பலத்தை மாற்றாது, ஆரம்ப அழுத்தத்தை மட்டும் கூட்டும். பிறகு ஃபோர்க் மாற்றினாலும் ஃபிரேமுக்குச் சொன்ன அளவை விட 20 மில்லிமீட்டருக்கு மேல் உயரமாகப் போடாதீர்கள். ஒவ்வொரு 20 மில்லிமீட்டருக்கும் ஹெட் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும், ஹெட் டியூப் வெல்டிங்குக்கும் சுமை கூடும்.

ஃபுல் சஸ்பென்ஷன் யாருக்கு? இடுப்பு, முதுகு வலி இருந்தும் கரடுமுரடில் மூன்று நான்கு மணி நேரம் ஓட்ட நினைப்பவருக்கு. அடிக்கடி வண்டியைக் காரில் ஏற்றி ஊட்டி, மூணாறு என்று போகிறவருக்கு. இந்த இரண்டு பேரும் தாராளமாக வாங்கலாம், சர்வீஸுக்கு நேரமும் காசும் ஒதுக்குவதாக இருந்தால். ராக்‌ஷாக்ஸ் கம்பெனி கணக்குப்படி ஃபோர்க்கின் கீழ்க்காலும் பின் ஷாக்கின் ஏர் கேனும் (காற்று நிற்கிற உறை) 50 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து துடைத்து ஆயில் மாற்ற வேண்டும். ஆடிக் காற்றில் கயத்தாறு பக்கம் ஓட்டினால் அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பொடித் தூசி சீலுக்குள் போய் ஷாக் தண்டில் கோடு போட்டுவிட்டால் பிறகு எந்த சீலும் நிற்காது. ஷாக்கின் துள்ளலை அடக்கும் டேம்பரின் சர்வீஸுக்குத் தனிக் கருவி வேண்டும், தெருமுனை சைக்கிள் கடையில் நடக்காது. பெரிய ஊருக்குப் பார்சல் அனுப்புகிற நாட்களில் வண்டி வீட்டில் சும்மா நிற்கும்.

வாங்கிய முதல் நாள் சாக் (sag) அளவை, அதாவது நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை, வைத்துவிடுங்கள். ஷூ, ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, லாக்கைத் திறந்து, ஷாக் பம்ப்பால் காற்று அடையுங்கள். உங்கள் எடையைப் பவுண்டில் கணக்கிட்டு அதே எண்ணில் தொடங்கலாம்: 70 கிலோவுக்கு ஏறக்குறைய 150 பிஎஸ்ஐ. அடைத்ததும் பத்து தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள், உள்ளே இரண்டு அறையிலும் காற்று சமமாகும். சுவரைப் பிடித்தபடி குலுக்காமல் ஏறி உட்கார்ந்து, ரப்பர் வளையத்தை சீல் வரை தள்ளி, குலுக்காமல் இறங்குங்கள். 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (முழுசாக அமுங்குகிற தூரம்) உள்ள ஷாக்கில் வளையம் 12 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 18 முதல் 24. பம்ப்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று வருவது குழாயில் உள்ள காற்று, ஷாக்கில் உள்ளது அல்ல. அதைக் கேட்டுப் பயந்து கூடுதலாக அடைப்பவர்கள் நிறைய. காலையில் வைத்த அளவு மத்தியானம் மாறும்: வெப்பம் 20 டிகிரி ஏறினால் 150 பிஎஸ்ஐ 160-ஐத் தொட்டுவிடும்.

செகண்ட் ஹேண்டாக ஃபுல் சஸ்பென்ஷன் வந்தால் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து மிக மெதுவாக மேலே தூக்குங்கள். சக்கரம் தரையை விடும் முன்பே ‘டக்’ என்று தட்டினால் ஷாக் புஷ்ஷோ பேரிங்கோ போயிருக்கிறது. ஷாக்கைக் கழற்றி, பின்பக்கத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் எல்லா பேரிங்கும் மாற்ற வேண்டும். பேரிங் மேலேயே 6902 மாதிரி நம்பர் இருக்கும், அது 15 உள், 28 வெளி, 7 தடிமன். சாதாரண பேரிங் கடையிலும் அந்த நம்பர் கிடைக்கும், அவசரத்துக்கு ஓடும். ஆனால் இந்த இடத்தில் பேரிங் முழுசாகச் சுற்றுவதில்லை, சில டிகிரி மட்டும் அசையும். அதனால் கூண்டு இல்லாமல் குண்டு நிறைத்த வகைதான் நாள்படும். ஷாக்கில் எழுதியிருக்கும் நீளத்தையும் ஸ்ட்ரோக்கையும் குறித்துக்கொண்டு, அந்த அளவில் புது ஷாக் என்ன விலை என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பைக் கழுவுகிற வாட்டர் சர்வீஸில் மட்டும் இந்த வண்டியை விடாதீர்கள். அந்த வேகத்தில் அடித்தால் தண்ணீர் சீலைத் தாண்டி பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கலைத்துவிடும். வாளித் தண்ணீர், பழைய துணி, பிரஷ் போதும். உவரிப் பக்கம் போய்வந்தால் உப்புக் காற்று போல்ட்டைக் கடிக்கும், அன்றே நல்ல தண்ணீரில் துடைத்து, போல்ட்களை மாதம் ஒருமுறை அதன் மேல் போட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள்.