ஐயெல்ட்ஸ் ஸ்பீக்கிங்கில் சைக்கிள் கேள்வியும் அப்பாவின் இட்லி சைக்கிளும்

மும்பையில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே ஐயெல்ட்ஸ் (IELTS) என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய, அதில் பேச்சுத் தேர்வான ஸ்பீக்கிங்கில் 7 பேண்ட், அதாவது மதிப்பெண், வேண்டும், எனக்கு முதல் தடவை 6.5. அந்த அரை பேண்டுக்காக மறுபடி பணம் கட்டி, நைட் டியூட்டிக்கு நடுவே படித்து எழுத வேண்டி வந்தது. அந்த அரை எங்கே போனது என்று எனக்கு நன்றாகவே தெரியும், சைக்கிளில்தான் போனது.

ஸ்பீக்கிங்கில் மூன்று பகுதி. முதல் பகுதியில் தேர்வாளர், "டிட் யூ ஹேவ் எ பைக் வென் யூ வேர் எ சைல்ட்?" என்று கேட்டார்கள். நமக்குப் பைக் என்றால் மோட்டார் பைக்தானே. நான் லைசென்ஸ், பதினெட்டு வயது என்று ஏதேதோ சொல்லிவிட்டேன். அடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அதில் போவீர்களா என்று கேட்டபோதுதான் புரிந்தது, அவர்கள் கேட்டது சைக்கிளை. அந்தப் பதற்றத்தில், உங்கள் நாட்டில் சைக்கிள் ஓட்டுவது பிரபலமா என்ற கேள்விக்கு கோச்சிங்கில் கொடுத்த நோட்ஸில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன்: உடம்புக்கு நல்லது, புகை கிடையாது, பெட்ரோல் செலவு இல்லை. "ஒய்?" என்று ஒரே வார்த்தை கேட்டார்கள், அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

தேர்வில் பைக் என்றால் பெரும்பாலும் சைக்கிள்தான், இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள், தப்பே இல்லை. அப்புறம் உச்சரிப்பு. பைசைக்கிள் என்று நாம் சொல்வது சரியில்லை, "பைசிகிள்" என்று முதல் அசையில் அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "சைக்கிளப் பத்திப் பேச உனக்கு நோட்ஸ் எதுக்கு பிள்ள?"

உண்மைதான். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த குடும்பம், அப்பா சைக்கிளில் இட்லி விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். விடியற்காலை நாலு மணிக்கே அடுப்பு எரியும், கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, ஹேண்டில்பாரில் சட்னி வாளியை மாட்டி, ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டே தெருத் தெருவாகப் போவார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்ததும் வண்டி என் கைக்கு வரும். அதைத் துடைத்துவிட்டு 90 அடி ரோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் நான் புகை இல்லை, செலவு இல்லை என்று மனப்பாடம் செய்திருக்கிறேன்.

குரங்கு பெடலுக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று இரண்டு நாள் தேடினேன். தேடவே வேண்டாம். "தி சைக்கிள் வாஸ் டூ பிக் ஃபார் மீ, ஸோ ஐ புட் ஒன் லெக் அண்டர் தி பார் அண்ட் பெடல்டு ஸ்டாண்டிங் அப்" என்று நடந்ததைச் சொன்னால் போதும். வார்த்தை தெரியாத ஒன்றைத் தெரிந்த வார்த்தைகளால் சுற்றிச் சொல்வதற்கும் மதிப்பு உண்டு. டபுள்ஸ் போனதையும் அப்படித்தான், நண்பர் பின்னால் உட்கார்ந்தார் என்று சொல்லிவிடலாம்.

நம்மில் நிறையப் பேர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. "சின்ன வயசுல தினமும் ஓட்டுவேன்" என்று தமிழில் யோசித்துவிட்டு, வாயில் "ஐ வில் ரைட் டெய்லி" என்று வந்துவிடும். தமிழில் 'ஓட்டுவேன்' பழைய பழக்கத்துக்கும் பொருந்தும், இங்கிலீஷில் அது இனிமேல் நடக்கப்போவதாகிவிடும். "ஐ யூஸ்ட் டு ரைட்" என்று வர வேண்டும். என் குரலை போனில் பதிவு செய்து கேட்டபோது ஐந்து நிமிடத்தில் இந்தத் தப்பை எட்டு இடத்தில் செய்திருந்தேன். தயவுசெய்து நீங்களும் பதிவு செய்து கேளுங்கள், இதைவிட உருப்படியான பயிற்சி எனக்குத் தெரிந்து கிடையாது.

பிரபலமா என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே வரியில் முடிக்காமல், யார் ஓட்டுகிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள், பேச விஷயம் தானாக வரும். மும்பையில் ஆபீஸுகளுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோகும் டப்பாவாலாக்கள், காலையில் பாவ் ரொட்டி கொண்டுவருகிறவர்கள், அப்பா மாதிரி இட்லிக்காரர்கள், இவர்களுக்கெல்லாம் சைக்கிள்தான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மரைன் டிரைவில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு அது உடற்பயிற்சி. நடுவில் இருக்கும் ஆபீஸ்காரர்கள் லோக்கல் ட்ரெயினில் போய்விடுகிறார்கள், ஏனென்றால் தூரம் அதிகம், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, பாந்த்ரா வொர்லி ஸீ லிங்க்கில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. ஊரில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது, என் சித்தி மகள் அதில்தான் பள்ளிக்கூடம் போனாள். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது இந்தக் கேள்விக்கென்றே இருக்கிற மாதிரியான உதாரணம். முதல் பகுதியில் இவ்வளவும் சொல்ல நேரம் இருக்காது, மூன்று நான்கு வாக்கியம் போதும், ஒரு ஆளையும் ஒரு காரணத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்றாவது பகுதியில் போக்குவரத்து பற்றிக் கேட்டால் உதவும்.

ஸ்பீக்கிங்கில் மதிப்பெண் போடும்போது சரளம், வார்த்தை வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நான்குக்கும் சம மதிப்பு. உங்கள் கருத்து சரியா தப்பா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் பெரிய கருத்து சொல்ல வேண்டும் என்று தவிக்காதீர்கள்.

இரண்டாவது தடவை எழுதியபோது, இரண்டாம் பகுதியில் பேசத் தலைப்புக் கொடுக்கும் கார்டில், சின்ன வயதில் உங்களுக்குப் பிடித்த ஒரு பொருளைப் பற்றிப் பேசச் சொல்லி வந்தது. தயாராக ஒரு நிமிடம் தந்தார்கள். தாளில் நாலே வார்த்தைதான் எழுதினேன்: அப்பா, இட்லி, கால், ஹார்ன். இரண்டு நிமிடம் முடிந்து அவர்கள் நிறுத்தியபோது நான் இன்னும் ஹார்னுக்கு வந்திருக்கவில்லை. 7.5 வந்தது.