தனி நோட்டில் ஒரு கையெழுத்து

ஜூலை 10, 2023, திங்கள்

இன்று அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு. முன்பு இருந்த சார் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப்பக்கம் போய்விட்டார். அந்தக் காலியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக நியமனம். குழுத் தலைவி ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்லா நடத்துங்க டீச்சர்" என்று சொல்லிக் களையெடுக்கக் கிளம்பிவிட்டார்.

மாதம் 15,000. போன வருஷம் இந்தத் திட்டத்தை முதலில் அறிவித்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு 10,000தான். இதே நாற்காலியில் நிரந்தரமாக உட்கார்பவருக்கு அடிப்படைச் சம்பளமே 36,400இல் ஆரம்பம்.

வருகைப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது. ஹெச்.எம். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஸ்கேலால் கோடு போட்டு, "நீங்க இதுல போடுங்கம்மா" என்றார். போட்டேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பேனா. எட்டு பேனா சேர்ந்திருக்கிறது, நான்கு ஒரே நிறம். ஒரே கடை போல.

ஜூலை சம்பளமும் வரவில்லை, ஆகஸ்ட் சம்பளமும் வரவில்லை. கேட்டால் "ஃபண்ட் வரலம்மா". ஹெச்.எம்.மைக் குறை சொல்ல முடியாது. பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு வந்தால்தானே அவர் செக் எழுத முடியும்? மளிகைக்கடை அண்ணாச்சி கடன் நோட்டைத் திருப்பியபடி, "எந்தத் தேதிலம்மா சம்பளம்?" என்றார். பதினைந்தாயிரம் என்று தொகையைச் சொல்ல வாய் வருகிறது, தேதி சொல்லத்தான் வரவில்லை.

அக்டோபர் 6, வெள்ளி

பகுதிநேர ஆசிரியர்களுக்கு 2,500 ரூபாய் உயர்வு, 12,500 ஆகிறது என்று அறிவிப்பு. எங்கள் ஓவிய சாருக்கு ஸ்டாஃப் ரூமில் வாழ்த்து சொன்னோம். சிரித்தார், அவ்வளவுதான்.

அவர் 2012இல் 16,549 பேரோடு சேர்ந்தவர். அப்போது 5,000. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. மே மாதம் சம்பளம் இல்லை. தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் பணி நிரந்தரம் என்று போட்டிருந்தது, 181ஆவது வாக்குறுதி. அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பதினோரு வருஷத்தில் தலை நரைத்துவிட்டது, பதவியின் பெயரில் 'பகுதி' மட்டும் போகவில்லை. அவரைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நவம்பர் 9, வியாழன்

தீபாவளிக்கு மூன்று நாள். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டும் சேர்ந்து வந்தது. ரெவென்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து. காய்ச்சலில் வராத இரண்டு நாளுக்கு ஆயிரம் பிடித்தம், எங்களுக்கு சி.எல். (தற்செயல் விடுப்பு) எல்லாம் கிடையாது. அண்ணாச்சி நோட்டில் இரண்டு பக்கம் அடித்தாயிற்று.

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.பி. தேர்வுக்கு 600 ரூபாய் கட்டினேன். பட்டதாரி ஆசிரியர் 2,222 இடம். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் 86 மார்க் வாங்கிப் பாஸ் பண்ணியவள்தான். ஆனால் 2018இல் வந்த 149ஆம் எண் அரசாணைப்படி அது மட்டும் போதாது, இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதில் தேறியவர்கள் பணியில் சேரும் நாளில்தான் என்னைப் போன்றவர்கள் கிளம்ப வேண்டும். என்னை அனுப்பப் போகிற தேர்வுக்கு நானே பணம் கட்டி நானே படிக்கிறேன்.

டிசம்பர் 22, வெள்ளி

மழை வெள்ளத்தால் தேர்வு ஜனவரி 7இலிருந்து பிப்ரவரி 4க்குத் தள்ளிப்போயிருக்கிறது. தெற்கே வீடிழந்து நிற்பவர்களை நினைத்தால் சந்தோஷப்படக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எனக்கு நான்கு வாரம் கூடுதலாகக் கிடைத்தது நிஜம்.

பிப்ரவரி 5, 2024, திங்கள்

நேற்று எழுதினேன். சுமார். படித்த நேரத்தை எண்ணினால் பேருந்தில்தான் அதிகம்.

மார்ச் 14, வியாழன்

மெல்லக் கற்கும் பதினோரு பேரை மாலையில் நிறுத்தி வைக்கிறேன். வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மார்க். அந்த 16ஐப் பிடித்துவிட்டால் 35க்குப் பாதித் தூரம் வந்தாயிற்று. ஒரு பெண்ணுக்குக் காம்பஸ் திருகு தளர்ந்து, வட்டம் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவே மாட்டேன் என்கிறது. நூலைச் சுற்றி இறுக்கிக் கொடுத்தேன். அடுத்த வட்டம் மூடியது. "மிஸ், சேந்துடுச்சு!" என்று கத்தினாள்.

இந்த வகுப்பால் 5.10 டவுன் பஸ் போய்விடுகிறது. அதில் பெண்களுக்கு இலவசம். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். தினமும். யாரும் இருக்கச் சொல்லவில்லை, அதனால் யாரிடமும் கேட்கவும் முடியாது.

ஏப்ரல் 1, திங்கள்

கணக்குப் பரீட்சை. பதினோரு பேரில் ஒன்பது பேர் இரண்டையும் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். ஒருவன் அளவுத்திட்டம் எழுத மறந்துவிட்டான். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒளிந்தான்.

ஏப்ரல் 24, புதன்

கடைசி நாள். பாடக் குறிப்பேடு, மார்க் பட்டியல், அலமாரிச் சாவி எல்லாம் ஒப்படைத்தேன். மார்ச், ஏப்ரல் சம்பளம் பாக்கி. வவுச்சரில் மட்டும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டி.ஆர்.பி. முடிவு இன்னும் வரவில்லை. பணி அனுபவச் சான்று கேட்டேன். தருகிறேன் என்றார் ஹெச்.எம்., அதற்குத் தேர்வில் மார்க் எதுவும் கிடையாது என்றும் அவரே சொன்னார்.

நாற்பது பக்க நோட்டில் மாதம் ஒரு பக்கமாகப் பத்துதான் தீர்ந்திருக்கிறது. எனக்கு ஞாபகத்துக்கு வேண்டும் என்று கேட்கலாமா என யோசித்தேன். அதற்குள் அவர் அதை பீரோவில் வைத்துவிட்டு, "ஜூன்ல யார் வந்தாலும் இதுலயே போட்டுக்கலாம்" என்றார்.