ஐஸ் இல்லாமல் கொடுத்த ஊசி

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒருநாள் சாப்பிட்டு வந்தேன். 20 மில்லிகிராமுக்கு ஏற்றியதும் குமட்டல் தாங்கவில்லை. 15-க்கு மேல் போனால் குடல் சரியாக உறிஞ்சாது, ஊசியாகப் போட்டால் நன்றாகச் சேரும் என்றார் டாக்டர். மாறினேன், குமட்டல் குறைந்தது. ஆனாலும் விரல் வீக்கம் அடங்கவில்லை. காலையில் சேலையில் சேஃப்டி பின் குத்தக்கூட முடியாது.

அடுத்து இரண்டு வழி சொன்னார்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் 40 மில்லிகிராம் ஊசி, இல்லையென்றால் தினம் இரண்டு வேளை டோஃபாசிட்டினிப் 5 மில்லிகிராம் மாத்திரை. எதற்குமே முதலில் காசநோய், ஹெபடைடிஸ் பி பரிசோதனை. அதெல்லாம் சுலபமாக முடிந்தது. தினமும் மாத்திரை ஞாபகம் வேண்டாமே என்று ஊசிக்குச் சரி சொன்னேன்.

அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டிய மருந்து. சேலத்தில் ஒரு கடையில் வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினார்கள். ஐஸ் பேக் கேட்டால், "தர்மபுரி பக்கம்தானேம்மா, ஒண்ணும் ஆகாது" என்று பதில். சித்திரை வெயிலில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பஸ் நகரவே இல்லை. பென்னாகரம் வந்து பிரித்தால் டப்பாவே சுட்டது. டாக்டர் போடக்கூடாது என்றுவிட்டார். விற்றதைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்றது கடை. அவ்வளவு பணமும் போச்சு. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் ஊரில் கரண்ட் போனால் ஃபிரிட்ஜையும் நம்ப முடியாது. அதனால் டோஃபாசிட்டினிப் மாத்திரைக்கே மாறினேன். கொடுப்பதற்கு முன் மாரடைப்பு, ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல், சிகரெட், வயது எல்லாம் விசாரித்தார். 50 வயதைத் தாண்டி இதய நோய்க்கு வாய்ப்புள்ளவர்களுக்கு இந்த வகை மாத்திரையில் ஆபத்து கூடுதல் என்று 2021-ல் அமெரிக்காவில் எச்சரித்திருக்கிறார்கள். அக்கியும் வரலாம். அதனால் ஊசிக்குப் பயந்து மட்டும் மாத்திரை கேட்காதீர்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

இப்போது பின் குத்த முடிகிறது! மெத்தோட்ரெக்ஸேட்டும் 15-க்கு இறங்கி மாத்திரையாகவே தொடர்கிறது. அதன் கவரில் போன மாதம் உள்ளூர்க் கடைப் பையன் 'தினம் 1' என்று எழுதிக் கொடுத்தான். தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. சீட்டைக் காட்டித் திருத்தவைத்தேன். எந்தக் கிழமை என்று கவரில் எழுதி வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள்.